பிள்ளைக்காம்பரா வாசலில் தொங்கிய திருநீற்று டப்பா

"எல்லாப் பிள்ளைகளுக்கும் பகல் சாப்பாட்டுக்கு முன் முகம் கழுவ வேண்டும். ஒரே துணியால் இரண்டு பிள்ளையைத் துடைக்கக் கூடாது. திங்கட்கிழமை, ஜூலை."

அந்தக் குறிப்பு இவ்வளவுதான். பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எங்கள் தோட்டத்து மிட்வைஃப் எழுதிக் கொடுத்தது. கிழமை இருக்கிறது, மாதம் இருக்கிறது. தேதியும் இல்லை, வருடமும் இல்லை. தேதி போடாமல் எழுதுகிறவர்கள்மேல் எனக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. வருடத்தை நானே வேறு வழியாகக் கண்டுபிடித்தேன். எங்கள் மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்காகப் பதுளையில் தங்கிப் படித்த வருடம் அது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் புது வர்ணம் பூசியதும் அதே வருடம்தான். இரண்டையும் பலரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். இப்போது ஓய்வு. பதுளையில் ஒரு மாடி அறையில் இருக்கிறோம். சன்னலைத் திறந்தால் பஸ் நிலையத்தின் ஹோர்ன் சத்தம் வரும். பழைய புத்தகங்களை வாங்கிப் படிப்பதும், எங்கள் தோட்டத்துச் சின்னச் சபையில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம் நடந்தது, கூரைத் தகரம் எந்த வருடம் மாற்றினார்கள் என்பதையெல்லாம் எழுதி வைப்பதும் என் பொழுதுபோக்கு. அந்தச் சபை வரலாற்றில் என் மனைவியின் பெயர் இரண்டே இடங்களில்தான் வருகிறது: எங்கள் கலியாணத்தன்று ஒரு முறை, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டபோது ஒரு முறை. இரண்டாவதைப் பற்றி யாராவது பின்னால் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவள் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இப்போது அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் எழுதிய பலகையும், சுவரில் முயலும் யானையும் உண்டு. அப்போது வெறும் சுண்ணாம்புச் சுவர்தான். நடுவில் ஓடிய உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். காய்ச்சிய பாலும் விறகுப் புகையும் குழந்தைகளின் மூத்திரமும் கலந்த ஒரு வாசனை அங்கே எப்போதும் இருக்கும். ஆபீசில் தேநீர் நேரத்துக்கு மணி அடித்ததும் நான் மேட்டுப் பாதையில் ஏறி அங்கே போய்விடுவேன். ஒரு காலால் ஒரு தொட்டிலையும் கையால் இன்னொன்றையும் ஆட்டியபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "மெதுவா வாங்க, இப்பத்தான் தூங்குதுங்க" என்பாள். அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இன்றும் அந்த மலைக் காற்று முகத்தில் படுகிறது.

ஊவா மலைகளில் ஜூலை மாதம் காற்றுக் காலம். மழை இருக்காது. எல்ல ஊர்ப் பக்கமிருந்து கச்சான் காற்று ஊதத் தொடங்கினால் பாதைப் புழுதியெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் வந்துவிடும். அந்த வருடம் புழுதியோடு கண்ணோயும் வந்தது. ஒரு பிள்ளைக்கு வந்தால் தொட்டில் வரிசை முழுவதும் வந்துவிடும். அதற்காகத்தான் மிட்வைஃப் அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தார். அவர் மாதுருஓயாப் பக்கத்துச் சிங்களப் பெண், அப்போது நிறைமாதம். எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாரமே பிரசவ லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

அதே காலத்தில்தான் ஆடித் திருவிழாவும். கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது. தாய்மார் விடியற்காலையில் குளித்து, பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பூசாரி கையால் நெற்றி நிறையத் திருநீறு பூசிவித்து, அங்கிருந்து நேரே பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார்கள். திருவிழா முடியும்வரை அந்தத் திருநீறு மாலைவரை நெற்றியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மற்ற நாட்களில் அப்படி இல்லை. என் மனைவி தலைமுறை தலைமுறையாக வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். தோட்டத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். திருவிழா நாட்களின் இந்தச் சட்டம் அவளுக்குத் தெரியாது. மிட்வைஃப் சொன்னபடி பகல் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டு, வெந்நீரில் முகத்தை நன்றாகக் கழுவினாள். அரைகுறையாக எதையும் செய்யும் பழக்கம் அவளுக்கு இல்லை. நெற்றியையும் சேர்த்துத்தான் கழுவினாள். அதோடு விட்டாளா? கழுவிய முகத்தில் பவுடரும் போட்டாள்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய்மார், காலையில் திருநீறு இருந்த இடத்தில் பவுடர் வாசனை அடிப்பதைக் கண்டார்கள்.

முதல் நாள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாளும் முணுமுணுப்புத்தான். மூன்றாம் நாள் ஒரு பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேல் லயத்தில் இருந்தவள். நெடுங்காலம் பிள்ளை இல்லாமல், அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தீச்சட்டி எடுத்து ஒரு பையனைப் பெற்றவள். நான் அப்போது ஆபீஸ் முடிந்து அங்கேதான் நின்றிருந்தேன்.

"ஏன் ஆயம்மா, நான் நேந்து பெத்த புள்ள. அது நெத்திய எதுக்கு அழிச்சீங்க?"

"கண்ணு நோவு வருதுல்ல தாயி, மொகம் கழுவினேன்."

"கண்ணு நோவுக்குக் கண்ணக் கழுவணும். நெத்தியில என்னா நோவு?"

பின்னால் நின்ற ஒருத்தி, "இன்னிக்கு நெத்தி, நாளைக்குத் தலையில தண்ணி ஊத்திப் பேரையும் மாத்திருவாங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

என் மனைவி சிரிக்கவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "தப்புத்தான் தாயி. எனக்குத் தோணாமப் போச்சு" என்றாள்.

"தோணாமப் போச்சா? பவுடர் போட மட்டும் தோணுச்சோ?"

என் மனைவி தொட்டிலுக்குத் திரும்பினாள். பையனைத் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் பிடுங்குவதுபோல் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவள் பையன் வரவில்லை. அதற்கடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வார முடிவில் எங்கள் சபையைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் வேறு வழியில்லாத ஓரிரண்டு வீட்டுப் பிள்ளைகளும்தான் மிஞ்சின. மற்றதுகளை லயத்தில் வயதானவர்களிடமோ, பள்ளிக்கூடம் போக வேண்டிய அக்காமாரிடமோ விட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். சிலர் முதுகில் கொழுந்துக் கூடையும் தேயிலைச் செடியடியில் பிள்ளையுமாக வேலை செய்தார்கள்.

செய்தி ஆபீசுக்கு வர நேரமாகவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை என்னிடமே சொன்னார்: மாத முடிவிலும் இப்படியே இருந்தால் எங்கள் டிவிஷன் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டுக் கீழ் டிவிஷனோடு சேர்த்துவிடுவார்களாம். கீழ் டிவிஷன் என்றால் செங்குத்தான படிக்கட்டில் இறங்கி ஓடையைக் கடந்து போக வேண்டும். மழைக் காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கிவிட்டு யாரும் பெரட்டுக்கு நேரத்துக்கு வர முடியாது. மூடினால் என் மனைவிக்கு வேலை போகும். அந்தத் தாய்மாருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம்.

அன்று மாலை அவளிடம் சொன்னேன்.

"மிட்வைஃப் எழுதின தாள் இருக்குல்ல, அத எடுத்து மடுவத்துல கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒட்டிர்றேன். எல்லாரும் பாக்கட்டும். இது அரசாங்கத்து உத்தரவு."

"ஒட்டாதீங்க."

"ஏன்?"

"வாய அடைக்கலாம். ஆனா கோவம் அந்த மிட்வைஃப் அம்மாமேல திரும்பும். அது ஏற்கெனவே சிங்களம், நம்ம ஆளு இல்லன்னு பேசுறாங்க. நாளைக்கு ஊசி போடக் கூப்பிட்டா புள்ளைங்களக் கொண்டு போக மாட்டாங்க."

"அப்ப துரைகிட்ட சொல்லி, புள்ளைங்கள மலைக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் போடுவோம். தானா வருவாங்க."

அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பயந்துபோய்க் கொண்டாந்து விட்ட புள்ள எங்கிட்டத் தூங்குமா?"

"நீ இப்படியே இருந்தா மூடிருவாங்க."

"மூட விட மாட்டாரு," என்றாள். துரையைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுடைய ஜெபங்களிலும் பேச்சிலும் 'அவரு' என்று பெயர் இல்லாமல் வருவது ஒரே ஒருவர்தான்.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாந்தம் என்ற குணத்தைப் பற்றி நான் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விளக்க நூல்களும் வாங்கிப் படித்திருக்கிறேன். அடக்கிப் பழக்கிய குதிரையை அநேகமாக எல்லாரும் உவமை சொல்வார்கள். பலம் இருக்கிறது, ஆனால் கடிவாளத்துக்கு அடங்கியிருக்கிறது என்று. அந்த உவமை எனக்கு அந்த நாட்களில் பொருந்தாமல் போயிற்று. குதிரையின் வாயில் இரும்பு இருக்கிறது, இழுத்தால் வலிக்கும். என் மனைவியின் வாயில் எதுவும் இல்லை. அவள் கையில் ஒரு தாள் இருந்தது, ஆபீசில் புருஷன் இருந்தான், மேலே துரை இருந்தார். மூன்றையும் அவள் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்கு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அவள் செய்தது வேறு. தினமும் அதே நேரத்துக்குப் போய்க் கதவைத் திறந்தாள். எல்லாத் தொட்டிலையும் உதறிக் கட்டினாள். வராத பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பால் காய்ச்சினாள். ஒரு நாள் தேநீர் நேரத்தில் போனபோது பெரிய பானை நிறையப் பாலைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காய்ச்சுற இவ்வளவையும்?" என்று கேட்டேன்.

"வந்துட்டா?"

"வர மாட்டாங்கன்னுதான் தெரியுதே."

"வந்துட்டா பாலு இல்லன்னு சொல்லவா?"

மிஞ்சிய பாலை மாலையில் தயிராக உறையூற்றி, வராத வீடுகளில் இருந்த வயதானவர்களுக்குக் கொடுத்தனுப்பினாள். சிலர் வாங்கினார்கள். சிலர் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விடியற்காலையில் அடுப்படியில் முழங்காலில் நின்று அவள் ஜெபிப்பதைப் படுக்கையில் இருந்தபடி கேட்பேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது முறையிடுவாள் என்று காது கொடுத்தேன். முறையிடவில்லை. அந்தப் பையனின் கண் சரியாக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். லயத்தில் அவனுக்குக் கண்ணோய் வந்திருந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "கோயிலடிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோமா?" என்றாள். எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை. அவள் நடந்த திசையிலேயே தெரிந்தது.

பூசாரி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறவர். திருவிழாவுக்காக லீவு போட்டிருந்தார். மண்டபத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அட, வேதக்காரம்மா! கிளாக்கரையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கு. என்னா, சாமி மாறியாச்சா?"

"இல்லங்க அண்ணே. ஒண்ணு கேக்க வந்தேன்." அவள் படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "புள்ளைங்க மொகத்தக் கழுவாம விட்டாக் கண்ணு நோவு பரவுது. கழுவினாத் திருநீறு போவுது. நான் என்னா செய்யட்டும்?"

பூசாரி தேங்காயையும் கீழே வைத்தார்.

"கழுவினதும் நீங்களே பூசி விட்டுருங்களேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே தலையை ஆட்டினார். "வேணாம் வேணாம். அது ஒங்களுக்கும் ஆவாது, எங்களுக்கும் ஆவாது. வேதக்காரி பூசுன திருநீறுன்னு அதுக்கு வேற ஒரு பஞ்சாயத்து வரும்."

"வரும்ண்ணே."

"ஒண்ணு செய்யி. கோயில் திருநீறு ஒரு டப்பாவுல தர்றேன். வாசல்ல தொங்க விடு. சாயந்தரம் பெத்தவ வந்து எடுத்துப் பூசிக்கட்டும். பகல்ல நெத்தி காலியா இருந்தா அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. நான் சொன்னேன்னு சொல்லு." பிறகு என்னைப் பார்த்து, "கிளாக்கரே, இத எழுதி வெச்சுக்குங்க, நாளைக்கு இல்லன்னு சொல்லிறப் போறேன்" என்றார். எழுதி வைத்தேன்.

மறுநாள் அவள் பிள்ளைக்காம்பரா வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்து, பழைய பால்மா டப்பா ஒன்றைக் கம்பியில் மாட்டினாள். பூசாரி சொன்னார் என்ற செய்தி லயங்களில் பரவியது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாலையில் தாய்மார் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் நெற்றியில் இழுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் மேல் லயத்துப் பெண் வரவில்லை. அவள் வராததால் அவளோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர்களும் வரவில்லை. துரை கேட்ட அளவுக்குப் பிள்ளைகள் இன்னும் சேரவில்லை. மாத முடிவுக்கு அதிக நாள் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் சபையிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ கைபேசியில் அந்த வாசலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் சபைக் காரியங்களை மூப்பர்தான் பார்ப்பார். ஓய்வுபெற்ற கங்காணி அவர். அந்த மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை, ஆராதனைக் கூடத்தின் முன்பெஞ்சில் அவரும் சபைக் குழுவினரும் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எதிரில் நின்றாள். உட்காரச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா, திருவிருந்து எடுக்கிற நீ வேலை செய்யிற எடத்து வாசல்ல திருநீறு தொங்குதாமே?"

"ஆமாங்க."

"யாரு தொங்க விட்டது?"

"நான்தாங்க ஆணி அடிச்சேன்."

பின்பெஞ்சில் இருந்த நான் எழுந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கையால் உட்காருங்கள் என்பதுபோல் காட்டினாள்.

"இது சரியா?"

"தாய்மாருங்க மனசு நோகாம இருக்கணும்னு செஞ்சேன்ங்க. சரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாதாடுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போதகர் வந்து தீர்க்கும்வரை திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டாம் என்றார். "சரிங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னால் பேசாமல் வர முடியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் அதத் தொடுறதே இல்ல, அவங்கதான் எடுத்துப் பூசுறாங்கன்னு."

"தொட்டுட்டேனே."

"எப்ப?"

"நேத்துக் காத்துக்கு டப்பா கீழ விழுந்துச்சு. எடுத்து மாட்டினேன்."

"அதெல்லாம் தொட்டதா?"

"அவங்க கேட்டா அதையும் சொல்லணும்ல. அதான் ஒண்ணும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இருட்டுவதற்குள் லயத்துப் படிகளில் ஏறினோம். தடுக்கி விழாமல் இருக்க அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படி ஏறி முடித்த பிறகும் விடவில்லை. அவளுக்கு வலிக்கவில்லை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். சிறுமியாக இருந்தபோது திடப்படுத்தல் பெற்று முதன்முதலாகத் திருவிருந்து எடுத்த நாள் முதல் ஒரு மாதம்கூட அந்தப் பந்தியைத் தவறவிடாதவள் அவள். மகளைப் பெற்றுப் படுத்திருந்த நாட்களில்கூடப் போதகர் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் அடுப்படியில் போய் நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

தோட்டத்தில் எந்தச் செய்தியும் ஒரு சமயத்தாரோடு நின்றுவிடாது. இரண்டு நாளில் கொழுந்து மடுவத்தில் அதுதான் பேச்சு. வெள்ளிக்கிழமை காலை நான் பிள்ளைக்காம்பராவில் ஒரு தொட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மேல் லயத்துப் பெண், இடுப்பில் பையன். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது. நெற்றி நிறையத் திருநீறு.

"ஆயம்மா, ஒங்க கோயில்ல ஒங்களுக்குச் சோறு போடலையாமே?"

"சோறு இல்ல தாயி, அப்பம்."

"என்னவோ ஒண்ணு. இந்த டப்பாவுக்காகவா?"

என் மனைவி பையனின் கண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"எங்க சாமிக்காக ஒங்க சாமிகிட்டத் திட்டு வாங்குவீங்களா? ஒங்களுக்கு வேற வேல இல்ல?" குரல் அதே கரகரப்புத்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. "நான் அன்னிக்குப் பேசின பேச்சுக்கு நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம தயிரக் குடுத்தனுப்புறீங்க. எங்க மாமியா தெனமும் அதச் சாப்பிட்டுட்டு எனக்கு ஏசுது."

என் மனைவிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அந்தப் பெண் பையனை என் மனைவியின் கையில் கொடுத்தாள். டப்பாவைக் கம்பியோடு கழற்றினாள். வெளியே போனாள். நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தேயிலைக்கு நிழல் மரமாக நடுவதற்கு வெட்டிப் போட்டிருந்த முள்முருங்கைக் கம்புகளில் ஒன்றை எடுத்து, பிள்ளைக்காம்பராப் பாதை பெரிய பாதையில் சேரும் முடக்கில், தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் குழி தோண்டி நட்டாள். டப்பாவை அதில் கட்டினாள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இனிமே அது ஒங்க வாசல்ல இல்ல. ரோட்டுல இருக்கு. ரோடு தோட்டத்துக்குச் சொந்தம். ஒங்க மூப்பரு துரைகிட்டப் போயி கேக்கட்டும்." பிறகு பையனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "நல்லாக் கழுவுங்க ஆயம்மா. நெத்தியையும்தான். பவுடர் மட்டும் வேணாம், தும்முறான்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாத முடிவில் துரை மூடுவதைப் பற்றிப் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அந்தக் கம்பு துளிர்த்தது. முள்முருங்கையை எங்கே நட்டாலும் துளிர்க்கும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் அதை அதிசயமாகச் சொல்லவில்லை.

போதகர் தன் முறை ஞாயிறு வந்தபோது வழியில் முடக்கிலேயே எல்லாவற்றையும் கேட்டறிந்துவிட்டார் போலிருக்கிறது. ஆராதனைக்கு முன் என் மனைவியைக் கூப்பிட்டு, "குழுவில் ஏன் உங்க பக்கத்த எடுத்துச் சொல்லல்ல?" என்று கேட்டார்.

"கேட்டாங்க ஐயா, ஆமான்னேன்."

"வெலக்கி வெச்சப்ப வருத்தமா இருந்திருக்குமே?"

"இருந்துச்சுங்க. அவரு வெலக்கலன்னு தெரியும். அதான் பொறுக்க முடிஞ்சுது."

"இன்னிக்குப் பந்திக்கு வாங்க" என்றார் போதகர். அன்று அவள் பந்திக்குப் போனாள். தற்செயலோ என்னவோ, மூப்பருக்குப் பக்கத்தில்தான் முழங்காலிட இடம் கிடைத்தது. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோடு மறுநாளே பேசினார், முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் நல்லது என்று கேட்டார்.

சாந்தமுள்ளவர்களுக்குப் பூமி கிடைக்கும் என்ற வாக்கை நான் இளம் வயதில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் பூமி எங்கே கிடைத்தது? குடியிருந்த லயம்கூடச் சொந்தமில்லை. இப்போது அந்த வாக்கை நினைத்தால் எனக்கு அந்த முடக்குத்தான் கண்முன் வருகிறது. மாலையில் தாய்மார் அங்கே வரிசையாக நிற்பார்கள். டப்பாவுக்குள் விரல் விடுவார்கள், பிள்ளை முகத்தைத் திருப்பும், திட்டுவார்கள், சிரிப்பார்கள். வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த இடத்தில் ஒரு சாண்கூட அவளுடையது அல்ல. ஆனால் அதில் நிற்கிற எல்லாரும் அவளைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் போவார்கள். வாக்கின் முழுப் பொருள் இதுதான் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு எனக்குக் காட்டப்பட்டது என்று சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் குடும்பம் பிறகு தோட்டத்தை விட்டுப் போயிற்று. மொனராகலையில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனதாகச் சிலரும், பெரகலைக்கு மேலே உறவினர் இருந்த தோட்டத்துக்குப் போனதாகச் சிலரும் சொன்னார்கள்.

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில், என் மனைவியின் மூட்டு வலிக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பெரகலைக்கு மேலே ஒரு தோட்டம் என்றாள். பிள்ளைக்காம்பராவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எங்க பக்கமும் இருக்குங்க. போற வழியில ஒரு கம்புல டப்பா தொங்கும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறப்ப துண்ணூறு பூசிக்குவோம். புள்ளைங்களுக்கு மொகம் கழுவி வுடுவாங்கல்ல, அதுக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எப்ப இருந்து? யாரு வெச்சது?"

"அது யாருக்குங்க தெரியும்? நான் கலியாணம் கட்டி வந்தப்பவே இருந்துச்சு."

வீடு திரும்பும் பஸ்ஸில் என் மனைவியிடம், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்ம டப்பான்னு சொல்லி வாங்கிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு, சன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் தனியாக ஒரு தடவை போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. கம்பு இருந்தது, அதில் டப்பா இருந்தது. கேட்ட இருவரில் ஒருவர் கோயில்காரர்கள் வைத்தது என்றார். இன்னொருவர் வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் நட்டது என்றார், ஆனால் அவள் யார், எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. எனவே மேல் லயத்துப் பெண்தான் அதை அங்கே நட்டாள் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படாத செய்தி. அப்படியே இங்கே பதிந்து வைக்கிறேன்.